முதல்ல அழி, அப்புறம் பேசு

காதுக்கு அந்த எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. புரொபசர் பானெட்டுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்டான். பழைய வண்டி, தேய்ந்த பெல்ட், கருகின எண்ணெய் வாசனை, எல்லாம் வயசுக்குத் தகுந்த மாதிரிதான். ஆனால் நாலு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக, முறை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தன. கையிலிருந்த ஸ்கேனரோ வேறு கதை சொன்னது. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் என்றது. அதாவது நாலு தடவை வெடிக்கவேண்டிய இடத்தில் மூன்று தடவைதான் வெடிக்கிறது, ஒன்று விட்டுப்போகிறது. திரையில் விட்டுப்போன கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

“பொய் சொல்லுது சனியன்,” என்று ஸ்கேனரை இரண்டு தட்டுத் தட்டினான்.

புரொபசர் என்பது கடைவீதி வைத்த பட்டம். மரியாதைக்கு வைத்த பெயர் என்று அவன் ஒருத்தன் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தான். வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று தெரியும், மீதிப் பேருக்கு அதுவும் தெரியாது என்பது அவனுடைய தீர்ப்பு. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று அலறியடித்துக்கொண்டு வருவார்கள். அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று ஒருத்தனுக்கும் தெரியாது. அது அணைந்தால் போதும், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனால் புரொபசர் கோளாறைத் தேடுவதில் பொழுதை வீணாக்குவதில்லை. ஸ்கேனரைச் சொருகுவான், திரையில் வருகிற கோட் எண்ணைப் படிக்காமலே அழிப்பான், “சின்னப் பிரச்சினைதான், சரி பண்ணியாச்சு” என்பான். விளக்கு பத்துப் பதினைந்து நாளில் திரும்ப எரியும். அதற்குள் அவர்களே பெட்ரோல் பங்க்கைத் திட்டப் பழகியிருப்பார்கள்.

கடையில் கூட வேலை பார்ப்பவன் அவன் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. முப்பது தாண்டிய, மீசை வைத்த, நல்ல உருப்படியான ஆள். ஒருமுறை அவன் ஏதோ ஒரு வண்டியின் கோட் எண்ணை உட்கார்ந்து படித்து, காரணம் தேடி, புகைக்குழாய் வரைக்கும் போய்விட்டான். வாடிக்கையாளர் எதிரிலேயே புரொபசர் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினான். “நீ என்ன ஆராய்ச்சியா பண்ற? முதல்ல அழி, அப்புறம் பேசு. லைட்டு எரிஞ்சா கை தானா பட்டனுக்குப் போகணும். உன் மண்டையில இதுவாவது ஏறுமா?” மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு ஏறும் என்றான். அன்றிலிருந்து அந்த ஒன்றை மட்டும் அவன் தப்பில்லாமல் செய்துவந்தான்.

இன்றைக்கு வந்தவள் ஒரு நர்ஸ். வெள்ளை யூனிபார்ம், நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கைக்கடிகாரம், சேறு பட்ட வெள்ளைச் செருப்பு. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வண்டியின் பின்கதவுப் பிடியில் கை வைத்தபடியே நின்றிருந்தாள். பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கைகள் இருந்தன. ஒன்றில் ஒரு சிறுமி. மற்றதில் யாரும் இல்லை, ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது.

புரொபசர் வழக்கம்போலக் கட்டைவிரலைப் பட்டனுக்குக் கொண்டுபோனான். ‘கோட் எண்களை அழிக்கவா?’ என்று திரை கேட்டது.

அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வலித்தது.

“அழிக்காதீங்க.”

“அம்மா, கையை விடுங்க. இது என் வேலை.”

“அழிக்க வேண்டாம் சார். போன மாசம் ஒருத்தர் அழிச்சுட்டார். அன்னிக்குப் பின்சீட்டுல...”

“பின்சீட்டுல என்ன, சீட்டு கிழிஞ்சு போச்சா? எல்லாக் கதையும் கேட்டா நான் வீட்டுக்குப் போன மாதிரிதான்.” கையை உதறிக்கொண்டான். “சரி, அழிக்கல. அப்ப என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க, நான் கத்துக்கறேன்.”

அந்தக் குத்தல் அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. “மாத்திப் பாக்கறதுன்னு ஒண்ணு இருக்காமே,” என்றாள். “சந்தேகப்படற பார்ட்டைக் கழட்டி வேற வண்டியில போடுறது. கோளாறு கூடவே போச்சுன்னா அந்தப் பார்ட்டுதான் காரணம்னு கண்டுபிடிக்கிறது. அப்படிச் செய்யறதுக்குக் கை ராசியான ஆள் நீங்கதான்னு சொன்னாங்க.”

யார் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. புகழ்ச்சி என்று வந்தால் புரொபசர் விலாசம் விசாரிப்பதில்லை.

பதில் சொல்வதற்காகத் திரும்பியவன் கண்ணில் அந்தச் சிறுமி பட்டாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு வெள்ளை வட்டம் பூக்கும், சுருங்கும். மறுபடி பூக்கும், சுருங்கும். மூன்றாம் தடவையும் அப்படியே. நாலாவது தடவை மார்பு எழும்பியது, வாய் திறந்தது, கண்ணாடியில் ஒன்றும் வரவில்லை. பிறகு பழையபடி வந்தது. கையிலிருந்த திரையில் எண் ஒன்று கூடியிருந்தது.

அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளை சளி பிடித்த பிள்ளை, மூக்கை வேறு கண்ணாடியில் தேய்க்கிறது என்று முகம் சுளித்தான். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து மேஜையில் போட்டான். அப்போதும் திரையில் எண் ஏறியது. சாவி இல்லாத வண்டியில் எந்த சிலிண்டர் எதை விடும்? மட்டமான மெஷின், மழை ஈரத்தில் உள்ளே தண்ணி போயிருக்கும் என்று முடிவு கட்டி, திரையைக் கவிழ்த்து வைத்தான்.

மாத்திப் பார்க்க இன்னொரு வண்டி வேண்டும், அதுவும் அதே மாடல். அவனுடைய சொந்த வண்டியே அதே மாடல்தான், ஓரமாக நின்றிருந்தது. நர்ஸ் அதை முன்னமே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

“அது உங்க வண்டியா சார்? பின்னாடி குழந்தை சீட்டு இருக்கே. பொண்ணா, பையனா?”

“பொண்ணு. ரெண்டாங் கிளாஸ்.”

அவள் தன் பின்சீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். “ஒண்ணுதானா?” என்றாள்.

“ஒண்ணே போதும், பத்துப் பேர் பேச்சைப் பேசுவா,” என்றான் புரொபசர், தன்னையறியாமல் சிரித்தபடி. உலகத்தில் அவன் இளக்காரமாகப் பேசாத ஒரே ஜீவன் அவன் மகள்தான். பெண்டாட்டிக்கு மாலை ஷிப்ட்டு என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது அவன் பொறுப்பு. எந்த வாடிக்கையாளரைக் காக்க வைத்தாலும் அந்த வாசலில் ஒரு நாளும் அவன் தாமதமானதில்லை.

பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற காயிலைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். மூன்றாவது சிலிண்டரின் மேலிருந்த காயிலின் போல்ட்டைக் கழற்றி, முறுக்கி மேலே இழுத்தான். அவ்வளவு நேரம் ஓடிய எஞ்சின், தொட்ட இடமெல்லாம் சுடுகிறது. காயில் மட்டும் ஜில்லென்று இருந்தது. குழாய்த்தண்ணீரில் போட்டு எடுத்தது மாதிரி ஈரம் கோத்திருந்தது. அது உட்கார்ந்திருந்த துளையிலிருந்து பெட்ரோல் வாசனை வரவில்லை, எண்ணெய் வாசனை வரவில்லை. தூங்கி எழுந்த சின்னப் பிள்ளையின் வாய் வாசனை வந்தது. அவனுக்கு நன்றாகப் பழக்கமான வாசனை, தினம் காலையில் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுகிற வாசனை. கை ஒரு கணம் தயங்கியது. தன் வண்டி காயிலை எடுத்து அவள் வண்டியிலும், அவள் காயிலைத் தன் வண்டியிலும் மாட்டினான்.

அவள் வண்டியைக் கிளப்பினான். மஞ்சள் விளக்கு எரியவில்லை. சாதாரணமாக, பார்ட்டை மாற்றினாலும் பழைய கோட் நினைவில் கிடக்கும், அழித்தால்தான் போகும். ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தான். நினைவு காலியாக இருந்தது, என்றைக்கும் எதுவும் நடக்காத மாதிரி.

நர்ஸ் பின்கதவைத் திறந்து, எண்ணெய் ஊறிய தரையில் வெள்ளை உடுப்போடு மண்டி போட்டாள். நெஞ்சுக் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சிறுமியின் மூச்சை எண்ணினாள். உதடு அசைய அசைய எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அப்புறம் மகளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்க அழுதாள்.

“லைட்டு அணைஞ்சதுக்கு அழற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்,” என்றான் புரொபசர் மச்சினனிடம், அவளுக்குக் கேட்கும்படியாகவே. மச்சினன் சிரிக்கவில்லை.

“இருங்கம்மா, சோதனை முடிஞ்சுது, அவங்கவங்க காயிலை அவங்கவங்களுக்கு...”

“வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.” அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டாள். நாலு கதவும் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. ரிவர்ஸில் அவள் போன வேகத்துக்கு வாசலில் இருந்த பழைய டயர் அடுக்கு சரிந்தது. அவன் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன, அவளுக்குப் போனது அவனுடைய அரதப் பழசான காயில். ஏமாந்தவள் அவள்தான் என்று புரொபசர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, திருப்தியாகக் கையைக் கழுவினான்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு மழை கொஞ்சம் தணிந்திருந்தது. மகள் பையை முன்னே எறிந்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி, பெல்ட்டு மாட்டுவதற்குள் மூன்று கதை சொல்லி முடித்தாள். வண்டி இரண்டு தெரு தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

புரொபசருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. பக்கத்து இருக்கையில் கிடந்த ஸ்கேனரை ஒரு கையாலேயே எடுத்துச் சொருகினான். மூன்றாவது சிலிண்டர், மிஸ்ஸிங். கோளாறு காயிலோடு கூடவே வந்திருந்தது. வாழ்நாளில் அழிக்காமல் அவன் கண்டுபிடித்த ஒரே கோளாறு. நாளைக்கு மச்சினனிடம் இதை எப்படி எடுத்துவிடுவது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்துக்கொண்டே போனான். எஞ்சின் மட்டும் துளிக்கூட உதறவில்லை. அவள் வண்டியில் ஓடினது மாதிரியே வழுவழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

மகள் வழக்கம்போல விளக்குக் கம்பங்களை எண்ண ஆரம்பித்தாள். வீடு வரைக்கும் எண்ணுவாள், தினமும் ஒரு கணக்கு வரும், தினமும் அவன் வேண்டுமென்றே தப்பென்று சண்டை பிடிப்பான்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

ஒரு கம்பம் போனது.

“அஞ்சு. ஆறு. ஏழு.”

“நாலை முழுங்கிட்டே வாயாடி,” என்றான்.

“இல்லப்பா, சொன்னேனே.”

“எங்க, மறுபடி சொல்லு.”

“ஒன்பது. பத்து. பதினொண்ணு.”

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். அடுத்த கம்பம் வந்தது. அவள் வாய் அசைந்தது. பன்னிரண்டு என்று உதடு முழுசாகச் சொன்னது, பல் தெரிந்தது, நாக்கு தெரிந்தது. சத்தம் வரவில்லை. வைப்பர் ஓடுகிற சத்தம் கேட்டது, டயர் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் கேட்டது, பள்ளிக்கூடப் பையின் கொக்கி ஆடுகிற சத்தம்கூடக் கேட்டது. அவள் குரல் இருக்கவேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

“பதிமூணு,” என்றாள் மகள்.

விளையாடுகிறாள். அப்படித்தான் நினைத்தான். அப்படித்தான் நினைக்கவேண்டும் என்று நினைத்தான்.

“அம்மாடி, விளையாட்டு போதும்.”

“என்ன விளையாட்டுப்பா?”

கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினான். மழைக்காக எல்லா ஜன்னலும் ஏற்றியிருந்தது. அவள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வட்டம் பூத்தது, சுருங்கியது. பூத்தது, சுருங்கியது. பூத்தது, சுருங்கியது.

வரவில்லை.

பக்கத்து இருக்கையில் ஸ்கேனர் திரையில் எண் ஒன்று கூடியது.

ஓரம் கட்டினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். எப்போதும் பதிலுக்குப் பத்து திட்டுகிற ஆள், இன்று அது காதிலேயே விழவில்லை. எஞ்சினை நிறுத்தினான். சாவியை உருவினான். வண்டி முழுக்க அமைதி. அந்த அமைதியில் மகளின் மூச்சு. வந்தது. வந்தது. வந்தது. எண் கூடியது. வந்தது. வந்தது. வந்தது. எண் கூடியது. அந்த நர்ஸ் மண்டி போட்டு எண்ணியது எதை என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது.

கதவைத் திறந்து மகளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தான். தூறலில் நிற்கவைத்து மார்பில் காதை வைத்தான். மகள் கூச்சத்தில் சிரித்தாள். சிரிப்பும் நாலுக்கு ஒன்று அறுந்து வந்தது.

“மூச்சு விடு. பெருசா விடு.”

“விட்டேன்பா.”

“எங்கயாவது வலிக்குதா?”

“இல்ல. குளுருது.”

பானெட்டைத் திறந்து காயிலைப் பிடுங்கினான். பனிக்கட்டியாக இருந்தது. விரல் ஒட்டிக்கொண்டது. அதைக் கையில் பிடித்தபடியே மகளின் முகத்தைப் பார்த்தான். வந்தது. வந்தது. வந்தது. இல்லை. பிடுங்கிப் பிரயோஜனமில்லை. மகளை மறுபடி உள்ளே உட்காரவைத்துத் துவாலையால் சுற்றினான். கடைக்கு வழி கேட்டு நர்ஸ் கூப்பிட்டிருந்த எண்ணுக்குப் போன் போட்டான்.

மூன்றாவது தடவைதான் எடுத்தாள். பின்னால் ஒரு சிறுமி எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. முழுச் சிரிப்பு.

“என்ன கொடுத்துட்டுப் போனே நீ,” என்றான். குரல் கிழிந்தது.

“தெரியாது சார். சத்தியமா அது என்னன்னு எனக்குத் தெரியாது. எங்களுக்கு எப்படி வந்துச்சுன்னும் தெரியாது. டாக்டருங்க ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. நானே நர்சு, நான் பாக்காத டாக்டரா?”

“என் பொண்ணும்மா.”

“தெரியும்.” கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “ஆறு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்க சார். உட்காரச் சொல்லி, என்ன ஏதுன்னு பொறுமையா கேட்டாங்க. அவங்க தலையில இதைக் கட்ட எனக்கு மனசு வரல.”

அவன் பின்கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டான்.

“அழிச்சிடாதீங்க,” என்றாள். “அது ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கடையில நான் சொல்ல வந்தது அதுதான். அந்த ஆள் அழிச்சப்போ என் பின்சீட்டுல ரெண்டு பேர் இருந்தாங்க. பட்டனை அமுக்கினார். லைட்டு அணைஞ்சுது. திரும்பிப் பார்த்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “இதே மாடல் வண்டி இன்னொண்ணு பாருங்க. பிள்ளை இருக்கிற வீட்டு வண்டியா பாருங்க. வேற வழி எனக்குத் தெரியல.”

போன் அறுந்தது. திரும்பப் போட்டான். அணைத்து வைத்திருந்தாள்.

இதே மாடல். பிள்ளை இருக்கிற வீடு. புரொபசர் யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று என்பதுதான் அவனைப் பற்றிச் சொல்லவேண்டிய சங்கதி. மதியம் பேங்க் மேனேஜர் ஒருத்தர் ஆயில் மாற்ற விட்டுப்போன வண்டி கடையில் நிற்கிறது. அதே மாடல். பின்சீட்டில் பிஸ்கட் தூளும் ஒற்றைச் செருப்பும் கிடந்ததை அவனே பார்த்து, வண்டியா குப்பைத்தொட்டியா என்று காறித் துப்பியிருந்தான். காயிலைத் திரும்பத் தன் வண்டியிலேயே மாட்டி, கடைக்கு விரட்டினான். வழியெல்லாம் அந்த மேனேஜரை வைதுகொண்டே போனான். இரண்டு பெற்றவன். வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன். ஆயில் எது கூலண்ட் எது என்று தெரியாத தடியன். அவனை எவ்வளவுக்கு மட்டம் தட்டினானோ அவ்வளவுக்குச் செய்யப்போகிற காரியம் லேசாகப் பட்டது.

“அப்பா, யாரைத் திட்டற?”

“யாரையும் இல்லடா கண்ணு. நீ எண்ணு. கம்பம் எண்ணு.”

“நூத்தியொண்ணு. நூத்திரெண்டு. நூத்திமூணு.”

எண் கூடியது.

கடையில் மச்சினன் இல்லை, டீ வாங்கப் போயிருந்தான். விளக்கு போடவில்லை; மேகம் மூடிய சாயங்காலம் ஷட்டருக்கு வெளியே மிச்சமிருந்த வெளிச்சத்தையும் குடித்துக்கொண்டிருந்தது. தன் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தி, அந்த ஜில்லென்ற காயிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நெஞ்சோரம் துணி நனைந்தது.

“அம்மாடி, அசையாம உட்காரு. அப்பா எதிர்லதான் இருக்கேன்.”

மகள் தலையாட்டினாள். அவளுடைய ஜன்னலில் மூச்சு படிந்த வெள்ளையில் விரலால் ஒரு பூனை வரைந்துகொண்டிருந்தாள். காது, மீசை, ஒரு கண்.

மேனேஜரின் வண்டி எதிர்ச் சுவரோரம் நின்றது. பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தான். அந்த மூடி அவன் பார்வையை மறைத்தது. இருட்டில் தடவி மூன்றாவது காயிலைத் தேடினான். போல்ட் துருப் பிடித்திருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. விரல் மூட்டில் தோல் பிய்ந்தது. பின்சீட்டில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. என்ன வயசுச் செருப்பு அது? மூன்று? நாலு? எனக்கென்ன என்றான் வாய்விட்டு. என் பொண்ணு. எனக்கென்ன. போல்ட் கொடுத்தது. ஒரு சுற்று. இரண்டு. காயிலை முறுக்கினான். நகர்ந்தது. வெளியே வந்தது. பையிலிருந்ததை எடுத்தான். கை கொள்ளாத குளிர். துளைக்கு நேராகப் பிடித்தான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டீ வாசனை வந்தது.

“மாமா, உங்க வண்டியிலயே லைட்டு எரியுதே,” என்ற மச்சினன் குரல்.

சாவி எடுத்த வண்டியில் விளக்கு எப்படி எரியும் என்று கேட்கத்தான் புரொபசர் திரும்பினான். திரும்பும்போதே புரிந்துவிட்டது. ஸ்கேனரை அவன் கழற்றவில்லை. அது சொருகியபடியே இருந்தது.

“தொடாதே.”

சொன்னானா? சொன்னதாகத்தான் நினைத்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பானெட் மூடியில் தலை இடித்தது. கையிலிருந்தது நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

பீப் என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற சத்தம்.

மச்சினன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து எழுந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மாமாவின் வண்டியிலேயே, சொல்லாமலே சரியாகச் செய்துவிட்ட சந்தோஷம் முகம் கொள்ளாமல் இருந்தது. ஸ்கேனர் திரையைப் புரொபசர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“அழிச்சுட்டேன் மாமா. நீங்க சொன்ன மாதிரிதான், படிச்சுக்கூடப் பாக்கல. பாருங்க, சுத்தமா இருக்கு.”

திரையில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. எண் பூஜ்யத்தில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

புரொபசர் பின்ஜன்னலைப் பார்த்தான். மகளின் விரல் கண்ணாடியில் ஊன்றியபடி இருந்தது. பூனைக்கு இன்னொரு கண் வைக்கவில்லை. மூச்சின் வெள்ளை ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே வற்றிக்கொண்டு வந்தது. காது போனது. மீசை போனது. ஒற்றைக் கண்ணைச் சுற்றி ஒரு காசளவு மிச்சமிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினான். நாலு என்றான். அஞ்சு என்றான். ஆறு என்றான்.